மீன் இல்லாத தொட்டியில் நாற்பது நாள்

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுச் சந்திப்பில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



நம் சங்கத்தின் சார்பில் விலங்கியல் துறைக்கு 200 லிட்டர் கண்ணாடித் தொட்டி ஒன்று வாங்கிக் கொடுத்திருக்கிறோம். சாதாரணத் தங்கமீன் தொட்டி இல்லை, கடல்நீர்த் தொட்டி. கடலைப் பார்க்க வேண்டுமென்றால் ராமேஸ்வரம் பஸ் ஏற வேண்டிய ஊர்ப் பிள்ளைகள், துறை வராந்தாவிலேயே ஒரு கோமாளி மீனைப் பார்க்கட்டும் என்பது நோக்கம். நல்ல நோக்கம்தான். செயலாளர் என்னிடம், "நீங்கதான் உப்புத் தண்ணி மீன் வளர்க்கிற ஆளு, இருபது நிமிஷம் பேசுங்க" என்றார். கூடவே, "வர்ற வெள்ளிக்கிழமை திறப்பு விழா. அதுக்குள்ள மீனை விட்டுரலாம்ல?" என்றும் கேட்டார். அந்தக் கேள்விக்குத்தான் இந்த இருபது நிமிஷமும் பதில். விடக்கூடாது. இன்னும் நாற்பது நாளைக்காவது விடக்கூடாது. ஏன் என்று சொல்கிறேன்.

மீன் வளர்ப்பவர்கள் "டேங்க் இன்னும் சைக்கிள் ஆகலை" என்று சொல்வார்கள். சைக்கிள் என்றதும் யாரும் பெடலைத் தேட வேண்டாம். நைட்ரஜன் சுழற்சி என்று பத்தாம் வகுப்பில் வட்டம் போட்டு, அம்புக்குறி போட்டு, ஐந்து மார்க்குக்குப் படித்தோமே, அதே சுழற்சிதான். அந்த வட்டம் தொட்டிக்குள் சுற்ற ஆரம்பிக்க வேண்டும். அதுவரைக்கும் அது தண்ணீர் நிரப்பிய பெட்டி, அவ்வளவே.

மீன் என்ன செய்கிறது? தின்கிறது, மூச்சு விடுகிறது, கழிவை வெளியே விடுகிறது. நமக்குக் கழிவு யூரியாவாக மாறி வெளியே போகிறது. மீனுக்கு அது பெரும்பாலும் அம்மோனியாவாகவே செவுள் வழியாகத் தண்ணீரில் கலக்கிறது. கடலில் அது ஒரு பொருட்டே இல்லை. 200 லிட்டர் கண்ணாடிக்குள் அது போக இடம் கிடையாது. மிச்சம் விழுந்த தீனியும் அழுகி அம்மோனியா ஆகிறது. மூன்றாம் நாள், நான்காம் நாள் மீன் மேலே வந்து வாயை வாயைத் திறக்கும். செவுள் சிவந்து போகும். ஒரு நாள் காலையில் வந்து பார்த்தால் பக்கவாட்டில் மிதக்கும். "கண்ணு பட்டுருச்சு" என்பார்கள், "கடைக்காரன் நோய் மீனைக் குடுத்துட்டான்" என்பார்கள். பல வீடுகளில் முதல் மாதத்திலேயே தொட்டி பரணுக்குப் போவது இதனால்தான். மீனுக்கு நோய் இல்லை. அது விட்ட கழிவிலேயே அது மூச்சு முட்டிச் செத்தது.

இதில் உப்புத் தண்ணீர் நல்ல தண்ணீரைவிடக் கடுமையானது. அம்மோனியா தண்ணீரில் இரண்டு உருவில் இருக்கும். ஒன்று அம்மோனியம், அவ்வளவாகத் தீங்கு செய்யாது. இன்னொன்று தனி அம்மோனியா, அதுதான் விஷம். பி.எச். 7 இருக்கும் நல்ல தண்ணீரில் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவாகத்தான் விஷ உருவில் இருக்கும். கடல்நீரின் பி.எச். 8.2 அளவில் இருக்கும். நம் ஊர் வெயிலில் தண்ணீர் 28 டிகிரி செல்சியஸ் இருந்தால் நூற்றில் ஏழெட்டுப் பங்கு விஷம். ஏறக்குறைய பத்து மடங்கு. தங்கமீன் தாக்குப் பிடிக்கிற அளவில் கோமாளி மீன் தாங்காது.

இந்த அம்மோனியாவை யார் அகற்றுவது? அதற்கு வேலையாட்கள் இருக்கிறார்கள். கண்ணுக்குத் தெரியாதவர்கள், கூலி கேட்காதவர்கள். ஒரு வகைப் பாக்டீரியா அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றும். இன்னொரு வகை அந்த நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றும். நைட்ரேட் மீனுக்கு அவ்வளவாகத் தொல்லை தராது. வாரம் ஒருமுறை கொஞ்சம் தண்ணீர் மாற்றினால் கட்டுக்குள் இருக்கும். இந்த இரண்டு வகை ஆட்களும் மணலிலும், ஓட்டுத் துண்டிலும், வடிகட்டிப் பஞ்சிலும் ஒட்டிக் குடியேற வேண்டும். அவர்கள் மெதுவாகப் பெருகுகிறவர்கள். குடலில் வாழும் ஈ.கோலை என்ற பாக்டீரியா வசதி கிடைத்தால் இருபது நிமிஷத்தில் இரண்டாகும். இவர்களுக்கு அரை நாள், ஒரு நாள் கூட ஆகும். அதனால்தான் நாற்பது நாள் கணக்கு. மாலை போட்டு விரதம் இருக்கிறவர்களுக்கு இந்தக் கணக்கு புதிதில்லை.

இந்த விஷயத்தை மனிதன் எப்படிக் கண்டுபிடித்தான் என்பது அழகான கதை. பாரிஸ் நகரத்துச் சாக்கடை நீரை எப்படிச் சுத்தம் செய்வது என்ற கேள்வியிலிருந்து அது பிறந்தது. 1877-ல் ஷ்லோசிங், முன்ட்ஸ் என்ற இருவர் ஒரு நீளமான கண்ணாடிக் குழாயில் மணலும் சுண்ணாம்புக் கல்லும் நிரப்பி, மேலிருந்து சாக்கடை நீரைச் சொட்டுச் சொட்டாக விட்டார்கள். முதல் இருபது நாள் ஒன்றுமே நடக்கவில்லை. போன அம்மோனியா அப்படியே கீழே வந்தது. பிறகு கீழே வந்த நீரில் நைட்ரேட் தெரிய ஆரம்பித்தது. வெறும் ரசாயன மாற்றம் என்றால் ஏன் இருபது நாள் காத்திருக்க வேண்டும்? சந்தேகம் வந்து, குழாய்க்குள் குளோரோஃபார்ம் ஆவியைச் செலுத்தினார்கள். நைட்ரேட் வருவது நின்று போயிற்று. குளோரோஃபார்மை நிறுத்திய பிறகும் அது தானாகத் திரும்பவில்லை. கொஞ்சம் நல்ல மண் கரைத்த நீரை ஊற்றினார்கள். சில நாளில் மறுபடி வேலை தொடங்கிவிட்டது. ஆக, இதைச் செய்வது உயிர் என்று தெரிந்தது.

அதற்குப் பின் இங்கிலாந்தில் ராபர்ட் வாரிங்டன் என்பவர் இது இரண்டு கட்டமாக நடக்கிறது என்று காட்டினார். ஒரு வேடிக்கை பாருங்கள். அவருடைய அப்பா பெயரும் ராபர்ட் வாரிங்டன்தான். அந்த அப்பா 1850-ல் மீனும் செடியும் நத்தையும் சேர்த்து ஒரு தொட்டியில் வைத்து, மீன் தொட்டி எப்படிச் சமநிலையில் நிற்கும் என்று எழுதியவர். அப்பா தொட்டி வைத்தார், தொட்டி ஏன் நிலைக்கிறது என்பதன் பாதி ரகசியத்தை மகன் மண்ணில் கண்டார். அந்தப் பாக்டீரியாக்களைத் தனியே பிரித்து எடுத்தவர் வினோகிராட்ஸ்கி என்ற ரஷ்யர், 1890-ல். கதை அங்கேயும் முடியவில்லை. பாக்டீரியா மட்டுமல்ல, ஆர்க்கியா என்ற வேறொரு நுண்ணுயிர்க் கூட்டமும் இதே வேலையைச் செய்கிறது என்பது 2005-ல் உறுதியானது. அதை முதலில் பிரித்தெடுத்தது எங்கிருந்து தெரியுமா? அமெரிக்காவில் சியாட்டில் நகரக் காட்சியகத்தின் கடல்நீர்த் தொட்டியில் கிடந்த சரளைக் கல்லிலிருந்து. ஆகவே தம்பிகளே, வராந்தாவில் இருக்கும் தொட்டியைச் சாதாரணமாக நினைக்காதீர்கள்.

இப்போது நம் ஊருக்கு வருகிறேன். அவனியாபுரம் என்றால் ஊர் முழுக்க இரண்டு விஷயம்தான் சொல்லுவாங்க. ஒன்று, பொங்கல் அன்றைக்கு ஜல்லிக்கட்டு. இன்னொன்றைச் சொல்லும்போதே மூக்கைப் பிடித்துக்கொள்வார்கள். மதுரை நகரத்தின் சாக்கடை நீர் குழாய் வழியாக வந்து சேரும் இடம் அது. வெகு காலமாக அந்த நீரைப் பாய்ச்சி அங்கே புல் வளர்த்தார்கள். அந்தப் புல்லைக் கட்டுக் கட்டாக மாடு வைத்திருப்பவர்கள் வாங்கிப் போனார்கள். மூக்கைப் பிடித்துக்கொண்டு பஸ்ஸில் போன நாமெல்லாம் வீட்டுக்குப் போய்க் குடித்த காப்பியில் அந்தப் புல்லின் பாலும் கொஞ்சம் இருந்திருக்கும்.

அங்கே நடந்தது என்ன? பல லட்சம் பேருடைய கழிவில் இருந்த அம்மோனியாவை அந்த மண்ணில் இருந்த பாக்டீரியா நைட்ரேட்டாக மாற்றியது. நைட்ரேட்டைப் புல்லின் வேர் உறிஞ்சியது. ஷ்லோசிங் குழாயில் செய்ததை அவனியாபுரம் பல ஏக்கரில் செய்துகொண்டிருந்தது. பிறகு நாளொன்றுக்கு 12.5 கோடி லிட்டர் கொள்ளளவுள்ள சுத்திகரிப்பு நிலையம் அங்கே வந்தது. அவனியாபுரமும் 2011-ல் மாநகராட்சியோடு சேர்ந்துவிட்டது. ஏற்பாடு மாறினாலும் அடிப்படை வேலை நுண்ணுயிர்களுடையதுதான். ஒரு பெரிய நகரம் நாறாமல் இருப்பதற்காக ஒரு சிற்றூர் நாற்றத்தைச் சுமந்தது. இதை மதுரைக்காரர்கள் மறக்கக்கூடாது.

இந்த நிலையங்களின் கதையிலும் தொட்டிக்கு ஒரு பாடம் இருக்கிறது. 1914-ல் மான்செஸ்டர் நகரில் ஆர்டர்ன், லாக்கெட் என்ற இரண்டு பேர் ஒரு பாட்டிலில் சாக்கடை நீரை வைத்துக் காற்றை ஊதிக்கொண்டே இருந்தார்கள். அம்மோனியா முழுவதும் மாற ஐந்து வாரம் பிடித்தது. தெளிந்த நீரைக் கொட்டிவிட்டார்கள். அடியில் தங்கிய கசடை மட்டும் கொட்டவில்லை. அதன் மேலேயே புதுச் சாக்கடை நீரை ஊற்றி மறுபடி காற்று ஊதினார்கள். இந்தத் தடவை நாள் குறைந்தது. இப்படியே கசடைச் சேர்த்துச் சேர்த்துச் செய்யவும், ஐந்து வாரத்து வேலை ஒரே நாளில் முடிய ஆரம்பித்தது. உலகம் முழுக்கச் சுத்திகரிப்பு நிலையங்கள் எழுந்தது இந்தக் கண்டுபிடிப்பின் மேல்தான். இவர்களுக்கு யோசனை சொன்ன கில்பர்ட் ஃபௌலர் என்ற பேராசிரியர் பின்னால் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்துக்கே வேலைக்கு வந்தார்.

நம் வீட்டு அம்மாக்களுக்கு இதில் ஆச்சரியமே இருக்காது. பாலுக்குப் பிரை ஊற்றுவது இதுதானே? தயிர் முழுவதையும் வழித்துத் தின்றுவிட்டால் நாளைக்கு உறைக்கு எங்கே போவது? ஒரு கரண்டி மிச்சம் வைக்கிறோம். தொட்டியிலும் அதே விதிதான். வடிகட்டிப் பஞ்சை எல்லாம் ஒரே நாளில் குழாய்த் தண்ணீரில் தேய்த்துக் கழுவி "பளிச்"சென்று வைத்தால், வேலையாட்கள் அத்தனை பேரையும் சாக்கடையில் ஊற்றிவிட்டோம் என்று அர்த்தம்.

காலையில் தொட்டியைப் பார்க்கப் போனபோது ஒரு தம்பி நல்ல கேள்வி கேட்டார். "சார், அப்படின்னா அவனியாபுரத்திலிருந்து ஒரு பாட்டில் கசடு கொண்டுவந்து ஊத்திட்டா சீக்கிரம் ஆயிடுமா?" ஆகாது தம்பி. நோய்க் கிருமியும் கூடவே வரும். அதோடு, நல்ல தண்ணீரில் வாழப் பழகியவை உப்பில் உடனே வேலை செய்யாது. ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் கடல்நீர்த் தொட்டியிலிருந்து ஒரு துண்டுப் பஞ்சோ, ஒரு கைப்பிடி மணலோ கிடைத்தால் அதுதான் சரியான பிரை. அதை நான் தருகிறேன். அது போட்டாலும் அவசரப்படக்கூடாது.

பவளக்கல்லைக் கொண்டுவந்து போட்டால் வேகமாக ஆகும் என்று வெளிநாட்டுப் புத்தகங்களில் இருக்கும். நாம் செய்யக்கூடாது. பவளங்கள் 2001-லிருந்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். மன்னார் வளைகுடாவில் இருந்த 21 தீவுகளில் பூவரசன்பட்டி, விலங்குசல்லி என்ற இரண்டு இன்று கடலுக்கு அடியில் இருக்கின்றன. சுண்ணாம்புக்காகவும் கட்டடத்துக்காகவும் பவளக்கல்லை வெட்டி எடுத்தது அதற்கு ஒரு முக்கியக் காரணம். ஒரு வராந்தாத் தொட்டிக்காக நாமும் அந்தக் கணக்கில் சேர வேண்டாம். சுட்ட ஓட்டுத் துண்டும் நன்றாகக் கழுவிய கிளிஞ்சலும் போதும். பாக்டீரியா வேலை செய்யும்போது அமிலம் உண்டாகும். அதைக் கிளிஞ்சலில் உள்ள சுண்ணாம்பு கொஞ்சம் தணிக்கும்.

இனி வேலைத் திட்டம். மாணவர்கள் குறித்துக்கொள்ளலாம்.

முதலில் தண்ணீர். கார்ப்பரேஷன் தண்ணீரில் குளோரின் இருக்கும். அது கிருமியைக் கொல்லத்தான் போட்டது. நம் ஆட்களையும் கொல்லும். ஆகவே ஆர்.ஓ. தண்ணீர் நல்லது. கடல்நீர் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு. 200 லிட்டருக்கு 7 கிலோ. சமையல் உப்பு ஆகாது. அது கிட்டத்தட்ட வெறும் சோடியம் குளோரைடு. கடலில் மக்னீசியமும் கால்சியமும் பொட்டாசியமும் சல்பேட்டும் இருக்கின்றன. மீன் தொட்டிக்கென்று விற்கும் கடலுப்புக் கலவைதான் வேண்டும். கலந்தபின் அடர்த்தி எண் 1.025 அளவில் நிற்க வேண்டும். கண்ணாடியில் நீர்மட்டத்துக்கு ஒரு கோடு போடுங்கள். நம் வெயிலில் தண்ணீர் தினமும் குறையும். ஆவியாவது தண்ணீர் மட்டும்தான், உப்பு அங்கேயேதான் இருக்கும். ஆகவே கோடு வரை நல்ல தண்ணீரை மட்டும் ஊற்றுங்கள்.

அடுத்து, வேலையாட்களுக்குச் சாப்பாடு. மீன் இல்லையே, அம்மோனியாவுக்கு எங்கே போவது? சிலர் விலை குறைந்த மீனை விட்டு, அது செத்தாலும் பரவாயில்லை என்பார்கள். அந்த வழி வேண்டாம். வேதியியல் துறையில் அம்மோனியம் குளோரைடு இருக்கும். பாத்திரத்துக்கு ஈயம் பூசும்போது பயன்படுத்துகிற நவச்சாரம்தான் அது. ஆனால் கடை நவச்சாரம் போடாதீர்கள், வேறு உலோகம் கலந்திருக்கலாம். ஆய்வகத்துத் தூய சரக்கில் ஒன்றேகால் கிராம் போட்டால் 200 லிட்டரில் லிட்டருக்கு 2 மில்லிகிராம் அம்மோனியா கிடைக்கும். மொத்த மூலதனம் அவ்வளவுதான்.

மூன்றாவது, காற்று. ஒரு மில்லிகிராம் அம்மோனியா நைட்ரஜனை மாற்ற இந்த ஆட்களுக்கு நாலரை மில்லிகிராம் ஆக்சிஜன் வேண்டும். சூடான தண்ணீரிலும் உப்புத் தண்ணீரிலும் ஆக்சிஜன் குறைவாகத்தான் கரையும். நம் தொட்டி இரண்டும் சேர்ந்தது. ஆகவே பம்பு இரவும் பகலும் ஓட வேண்டும். கரண்டு போனால் ஓட ஒரு பேட்டரிக் காற்றுப் பம்பை இப்போதே வாங்கி வையுங்கள். வாட்ச்மேன் அண்ணனிடம் சொல்லி வையுங்கள், ராத்திரி "வீணா ஓடுது" என்று சுவிட்சை அணைத்துவிடப் போகிறார்.

நான்காவது, நோட்டு. ஒருநாள் விட்டு ஒருநாள் சோதனைக் குப்பியில் அம்மோனியா, நைட்ரைட், நைட்ரேட் மூன்றையும் பார்த்து எழுதுங்கள். முதல் வாரம் அம்மோனியா அப்படியே நிற்கும், சலிப்பாக இருக்கும். பிறகு அது இறங்கத் தொடங்கும், நைட்ரைட் ஏறும். சந்தோஷப்பட்டு மீனை விட்டுவிடாதீர்கள், பாதிக் கிணறுதான் தாண்டியிருக்கிறோம். கடல்நீரில் நைட்ரைட் நல்ல தண்ணீரில் செய்வதைப் போல மீனைத் தாக்குவதில்லை. அதில் உள்ள குளோரைடு தடுக்கும். ஆனாலும் அது நிற்கிறது என்றால் இரண்டாவது குழு இன்னும் வந்து சேரவில்லை என்று பொருள். இடையில் கண்ணாடியில் பழுப்பு நிறப் படலம் வரும். தேய்த்துத் துடைத்துத் தண்ணீரை மாற்ற வேண்டாம், அது டயாட்டம் பாசி, தானே போய்விடும். அம்மோனியா தீர்ந்தால் மறுபடி கொஞ்சம் போட்டுக்கொண்டே வாருங்கள். கடைசியில் ஒருநாள் பழைய அளவு முழுவதும் போட்டு, 24 மணி நேரத்தில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் இரண்டுமே பூஜ்யம் என்று வந்தால் தொட்டி தயார். அப்போது சேர்ந்திருக்கும் நைட்ரேட்டைக் குறைக்கப் பாதித் தண்ணீரை மாற்றிவிட்டு, இரண்டே இரண்டு மீன் விடுங்கள். வேலையாட்கள் எண்ணிக்கை சாப்பாட்டுக்குத் தக்கபடிதான் இருக்கும். ஒரே நாளில் பத்து மீன் விட்டால் அந்தக் கூட்டத்தைச் சமாளிக்க ஆள் பற்றாது.

அந்த இரண்டு மீனும் வளர்ப்பு மீனாக இருக்கட்டும். மண்டபத்தில் உள்ள மத்தியக் கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தில் கோமாளி மீனைக் குஞ்சு பொரிக்க வைத்து வளர்க்கும் முறையைக் கண்டு, மற்றவர்களுக்கும் கற்றுக் கொடுத்திருக்கிறார்கள். பவளத்திட்டிலிருந்து பிடித்த மீனைவிடத் தொட்டியில் பிறந்த மீனுக்குத் தொட்டி வாழ்க்கை பழக்கம்.

கடைசியாக, திறப்பு விழா. செயலாளர் அவர்கள் என்னை மன்னிக்க வேண்டும். விழாவை நிறுத்தச் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை சிறப்பு விருந்தினர் வரட்டும், ரிப்பன் வெட்டட்டும். உள்ளே மீன் இருக்காது. தண்ணீரும் மணலும் ஓட்டுத் துண்டும் குமிழியும்தான் இருக்கும். பக்கத்தில் ஒரு கரும்பலகை வையுங்கள். "இன்று ஐந்தாம் நாள். அம்மோனியா இவ்வளவு. நைட்ரைட் இவ்வளவு" என்று மாணவர்கள் எழுதட்டும். விருந்தினர் "மீன் எங்கே?" என்று கேட்டால், முதலாண்டு மாணவி ஒருத்தி எழுந்து நான் இருபது நிமிஷத்தில் சொன்னதை இரண்டு நிமிஷத்தில் சொல்லட்டும். அதற்கு நம் சங்கம் கைதட்டட்டும். படம் எடுக்க மீன் வேண்டும் என்பதற்காக ஓர் உயிரை அம்மோனியாவில் விட்டுப் படம் எடுக்க வேண்டாம்.

இன்னொரு வேண்டுகோளும் உண்டு. அந்த நாற்பது நாளுக்குள் துறை மாணவர்களை உரிய அனுமதி வாங்கி அவனியாபுரம் சுத்திகரிப்பு நிலையத்துக்கு அழைத்துப் போங்கள். பஸ் செலவைச் சங்கம் ஏற்றுக்கொள்ளும் என்று தலைவர் தலையை ஆட்டுகிறார், எல்லாரும் பார்த்துக்கொள்ளுங்கள். தொட்டியில் கைப்பிடி அளவில் நடப்பதை அங்கே ஊர் அளவில் பார்க்கலாம். அங்கே வேலை செய்கிறவர்களிடம் நாலு கேள்வி கேளுங்கள், வணக்கம் சொல்லிவிட்டு வாருங்கள். அந்தத் திசையில் மூக்கைப் பிடித்துக்கொண்டே போய்ப் பழகிய நம் தலைமுறை செய்யாததை நீங்கள் செய்யுங்கள்.

அடுத்த ஆண்டுச் சந்திப்பில் இந்தக் கூட்டத்துக்கு முன்னால் நான் நேரே வராந்தாவுக்குத்தான் போவேன். மீன் நீந்துகிறதா என்று பார்ப்பேன். அதற்கு முன்னால் அந்த நோட்டை வாங்கிப் பார்ப்பேன்.